செங்கமலத்தின் குரல்

கிருஷ்ணமூர்த்திபுரத்தில் அந்த வரிசையில் ஏழு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. ஏழு வீட்டுப் பெண்களில் தமிழைத் தட்டுத் தடுமாறாமல் படிக்கத் தெரிந்தவள் திரிபுரசுந்தரி ஒருத்திதான். மற்றவர்கள் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பேச்சுக்குத் தமிழ், எழுத்துக்குக் கன்னடம் என்று பழகிப்போனவர்கள். திரிபுரசுந்தரி திருச்சியில் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு, ரயில்வே ஆபீசில் வரைபடம் போடும் கணபதிராமனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் குழந்தை இல்லை. அவர் ஆபீசுக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை வீட்டில் அவளும் சுவர்க்கடிகாரமும்தான்.

முப்பத்தாறாம் வருஷம் ஆனி மாதம் மதராஸிலிருந்து பணம் கட்டி எடுக்கும் வி.பி.பி. தபாலில் அவளுக்கு ஒரு நாவல் வந்தது. ‘நீலப் புட்டி அல்லது ஜமீன் மாளிகை மர்மம்’, முதல் பாகம். திருச்சியில் அதை வாங்க ஜனங்கள் கடையில் முண்டியடிக்கிறார்கள் என்று அவள் அண்ணா கடிதம் எழுதியிருந்தார். காலையில் பிரித்தவள் சாயங்காலம் கணபதிராமன் வந்து கதவைத் தட்டும்போது கடைசிப் பக்கத்தில் இருந்தாள். அன்று ரசத்தில் உப்பும் இல்லை, புளியும் இல்லை. அவர் மோரை விட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார்.

மறுநாள் நாலாவது வீட்டுக் கனகலக்ஷ்மி மாமியிடம் அந்தக் கதையைச் சொல்லப்போக, பாதியிலேயே மாமி நிறுத்திவிட்டாள். சொன்னால் ருசி போய்விடும், புஸ்தகத்தைக் கொண்டுவந்து படி என்றாள். மாமிக்கு அப்போது வீட்டைவிட்டு நகர முடியாத நிலை. தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் அம்புஜம், சித்திரையில் ஆண்குழந்தை பெற்றதிலிருந்து படுத்த படுக்கையாக இருந்தாள். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. பத்தொன்பது வயசுப் பெண். எழுந்து உட்கார இன்னொருவர் முதுகைத் தாங்கவேண்டும். அவளையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ள மாதம்மா என்ற நாற்பது வயசு விதவையை வைத்திருந்தார்கள். கொள்ளேகாலத்துக்காரி. துணி துவைப்பது, கால் பிடித்துவிடுவது எல்லாம் அவள் பொறுப்பு. மருந்துக்கு மடி ஆசாரம் கிடையாது என்பதால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மிக்ஸ்சரை வேளாவேளைக்கு அளந்து கொடுப்பதும் அவள்தான்.

ஆகவே மத்தியானம் இரண்டு மணிக்கு மாமி வீட்டுக் கூடத்தில் பெண்கள் கூடினார்கள். அம்புஜத்துக்கும் கேட்கட்டும் என்று மாமி உள்ளறைக் கதவைத் திறந்து வைத்தாள்.

திரிபுரசுந்தரி வெறுமனே படிக்கவில்லை. ஜமீன்தாருக்கு ஒரு கரகரப்பு, டாக்டருக்கு மூக்கால் ஒரு பேச்சு, துப்பறிபவருக்கு நிதானமான ஒரு குரல் என்று ஆளுக்கொரு தொனி வைத்துக்கொண்டாள். ஜமீன்தாரிணியின் நோய்ப்படுக்கைக்குப் பக்கத்தில் எந்நேரமும் இருக்கும் பணிப்பெண்ணின் பெயர் செங்கமலம். புஸ்தகத்தில் அவள் “நான் ஒன்றும் அறியேன், எஜமானி” என்றுதான் பேசினாள். இரண்டாம் நாள் அந்த இடம் வந்தபோது, யோசிக்காமலேயே திரிபுரசுந்தரியின் வாயில் அது வேறு மாதிரி வந்தது. “எனக்கொண்ணுந் தெரியாதுங்கம்மா” என்று மாதம்மாவைப்போல இழுத்துச் சொன்னாள். பெண்கள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்த மாதம்மாவே தலையை நீட்டி, “என்னையாட்டமே பேசறீங்கம்மா” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு செங்கமலத்துக்கு வேறு குரல் கொடுக்க முடியாமல் போயிற்று.

நாள் ஆக ஆகக் கதை இருண்டது. பதினாலாம் அத்தியாயத்தில் செங்கமலம் டாக்டர் கொடுத்த மருந்தைச் சாக்கடையில் கொட்டினாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு நீலப் புட்டியை எடுத்தாள். “குடிச்சுப்போடுங்கம்மா, எல்லா நோவும் தீந்துபோயிரும்” என்று திரிபுரசுந்தரி தாழ்ந்த குரலில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. வெற்றிலை மென்றவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். அந்த நிசப்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. தன் வாயசைவுக்கு எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவள் வாழ்க்கையில் முன்பு நடந்ததில்லை. அதே வரியை இன்னும் மெதுவாக இரண்டாம் முறை சொன்னாள். புஸ்தகத்தில் அது ஒருமுறைதான் இருந்தது.

ஜமீன்தாரிணி இறந்துகிடக்க, செங்கமலத்தையும் நீலப் புட்டியையும் காணவில்லை என்பதோடு முதல் பாகம் முடிந்தது. இரண்டாம் பாகத்துக்கு அன்றைக்கே கார்டு போட்டாள்.

அது வருவதற்குள் அம்புஜம் போய்விட்டாள். ஆடி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை, விடியற்காலை. காய்ச்சல் ஐந்து நாளாக இறங்கவே இல்லை.

காய்ச்சல் இறங்காததால் பார்க்க வந்து தங்கியிருந்த மாமியின் நாத்தனார் ஒருத்தி, மூன்று நாள் முன்பு மாதம்மா கிண்ணத்திலிருந்த மருந்தைக் கொல்லைச் சாக்கடையில் ஊற்றுவதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். அந்த நாத்தனார் கதை கேட்கவே இல்லை. கேட்ட எட்டுப் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கனகலக்ஷ்மி மாமி எழுந்து போய், மாதம்மாவின் துணி மூட்டையை அவிழ்த்து உதறினாள். உள்ளே ஒரு சின்னப் புட்டி இருந்தது. நீலம்கூட இல்லை, பழுப்பு, மூட்டுவலித் தைலம். ஆனால் புட்டி புட்டிதான். ஏன் ஊற்றினாய் என்று மாமி கேட்டாள். மாதம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊற்றினேன் என்றாளே தவிர, ஏன் என்று சொல்லவில்லை.

மாமியின் கணவர் நாராயணஸ்வாமி ஆபீசில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். போலீஸுக்குச் சொல்லி அனுப்பினார். இரண்டு ஜவான்கள் வந்து மாதம்மாவை நடத்தி அழைத்துப்போனார்கள். திரிபுரசுந்தரி ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள். வெளியே போய் ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. மேலும், அந்த நேரத்தில் அவளும் நம்பினாள். நம்பியதோடு, கதையில் ஒரு புது அத்தியாயம் வந்துவிட்டதுபோல அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தப் படபடப்பை அவள் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்தாள்.

மறுநாள் மாதம்மாவை விட்டுவிட்டார்கள். தைலம் தைலம்தான் என்றும், இது பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சல் முற்றியதுதான் என்றும் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். மாமி வீட்டில் அவளைப் படியேற விடவில்லை. மூட்டையை வாசலில் வைத்தார்கள். எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆவணி பிறந்து இரண்டாம் பாகம் வந்தது. திரிபுரசுந்தரி அதைப் பிரிக்காமல் அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்தாள். துக்க வீட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதைப் படிப்பது தகாது என்று மூன்று நாள் இருந்தாள். நாலாம் நாள், ஆபீசுக்குப் புறப்பட்ட கணபதிராமன் தெருமுனை திரும்புவதற்குள் கையில் எடுத்துவிட்டாள்.

எடுத்தவள் எல்லாவற்றையும் மறந்தாள். கதை அப்படி ஓடியது. முப்பதாம் அத்தியாயத்தில் முடிச்சு அவிழ்ந்தபோது, தனியாக உட்கார்ந்திருந்தவள் கைதட்டினாள். கொன்றது செங்கமலம் இல்லை. ஜமீன்தாரின் தம்பியான வக்கீல் மருந்தில் முதலிலேயே விஷம் கலந்திருந்தான். செங்கமலம் அதை மோப்பம் பிடித்துத்தான் சாக்கடையில் கொட்டினாள். நீலப் புட்டியில் இருந்தது மாற்று மருந்து. இதற்கான தடயம் எல்லாம் முதல் பாகத்திலேயே கண்ணுக்கு நேராக இருந்திருக்கிறது. அந்த வரிகளை அவளே வாய்விட்டுப் படித்திருக்கிறாள். என்ன மூளை இந்த மனுஷருக்கு என்று எழுதியவரை வியந்தாள்.

அந்த வியப்பு அடங்குவதற்குள் மாதம்மாவின் நினைவு வந்தது. எழுந்து போய் முற்றத்தில் முகம் கழுவிக்கொண்டாள்.

புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனாள். கூடத்தில் மாமி பேரனைத் தொடையில் போட்டுச் சங்கில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். திரிபுரசுந்தரி கதை முடிந்த விதத்தைச் சொன்னாள். செங்கமலம் நிரபராதி என்றாள்.

மாமி தலை நிமிரவில்லை. “அது கதை, சுந்தரி.”

“முதல் பாகமும் கதைதானே, மாமி?”

மாமி குழந்தையின் வாயைத் துடைத்தாள். “எம் பொண்ணு கதையில சாகலை. ஹோகலி, விடு. அந்தப் புஸ்தகத்தை இங்கே கொண்டுவராதே.”

அன்று சாயங்காலம் கணபதிராமனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். செங்கமலத்துக்கு யார் குரலை வைத்தாள் என்பது அதுவரை அவருக்குத் தெரியாது. மாதம்மா எங்கே இருப்பாள் என்று தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும். தம்பி ரத்தினசாமிக்கு மாதம்மா போடும் கார்டுகளை எழுதிக்கொடுத்தவளே திரிபுரசுந்தரிதான், விலாசம் மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறினார்கள். நரசீபுரம் தாண்டி, ஆற்றைத் தாண்டி, கோயமுத்தூர் ஜில்லா எல்லைக்குள் நுழைந்து கொள்ளேகாலம் போய்ச் சேர வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ரத்தினசாமியின் வீட்டுக்குப் பின்னால் ஒரு தாழ்வாரத்தில் மாதம்மா பட்டுக்கூடு வேகும் அண்டாவுக்கு முன் உட்கார்ந்திருந்தாள். கொதிநீரில் விட்டு விட்டு விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. இவர்களைக் கண்டதும் எழுந்தாள். பழக்கதோஷத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

கணபதிராமன் ரத்தினசாமியோடு வெளியே போய் நின்றார்.

திரிபுரசுந்தரி மன்னிப்பு என்று ஆரம்பித்ததை மாதம்மா கேட்டுக்கொள்ளவே இல்லை. மாமியின் பேரன் தேறினானா, பால் ஒத்துக்கொள்கிறதா என்று விசாரித்தாள். கடைசியில் திரிபுரசுந்தரி கேட்டுவிட்டாள்: “மருந்தை ஏன் கொட்டினே, மாதம்மா?”

மாதம்மா கரண்டியால் கூடுகளை ஒருமுறை கிளறிவிட்டாள். “அம்புஜம் பாப்பா குடிக்கலீங்க.”

“எத்தனை நாள்?”

“கடைசி ஒம்பது நாளு. என்ற கையைப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. ‘நீ அவ இல்லைன்னு எனக்குத் தெரியும் மாதம்மா, ஆனா தொண்டையில எறங்கமாட்டேங்குது’ன்னு அழுதாங்க. நாளைக்குக் குடிக்கறேன், நாளைக்குக் குடிக்கறேன்னு சொல்லுவாங்க. புட்டியில மருந்து கொறையாம இருந்தா அம்மாவுக்குத் தெரிஞ்சு போயிருமின்னு என்னைய ஊத்தச் சொன்னாங்க.”

“மாமிகிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அவா கையால கொடுத்திருப்பாளே.”

“சொல்றேன்னுதானுங்க சொன்னேன். என்ற கையைப் புடிச்சு சத்தியம் வாங்கிப்போட்டாங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா ரெண்டாம் பாகம் படிக்க உடமாட்டாங்களாம். அந்தப் பொம்பள அப்பறம் என்ன ஆனான்னு தெரிஞ்சுக்கோணுமாம்.” மாதம்மா அண்டாவுக்கடியில் விறகைத் தள்ளிவிட்டாள். “நானும் சும்மா இருந்துட்டேன். தப்பு என்ற மேலயும் இருக்குதுங்க.”

பதினாலாம் அத்தியாயம் படித்த நாளிலிருந்து திரிபுரசுந்தரி விரலை விட்டு எண்ணிப் பார்த்தாள். கணக்கு சரியாக வந்தது. திறந்திருந்த கதவுக்கு அப்பால், இருட்டில், காய்ச்சலோடு கண்ணை விழித்துக்கொண்டு படுத்திருந்தவளை அவள் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த எட்டு முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போலீஸ்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே” என்றாள்.

“செத்த புள்ள மேல பழியப் போடவா? உங்களைக் கண்டு பயந்துதான் பாப்பா மருந்து குடிக்கலீன்னு அந்தம்மா மூஞ்சியப் பாத்து எப்படிங்க சொல்றது?” என்ற மாதம்மா, தான் தவறாகச் சொன்னதை உணர்ந்து திருத்திக்கொண்டாள். “என்னையக் கண்டு.”

திருத்தியது தேவையில்லை என்று திரிபுரசுந்தரிக்குத் தெரியும். முதலில் சொன்னதுதான் சரி.

புறப்படும்போது மாதம்மா கேட்டாள், அந்தப் பொம்பளை கடைசியில் நல்லவள்தான் என்று முடிந்ததாமே, உண்மையா என்று. கணபதிராமன் வெளியே ரத்தினசாமியிடம் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது.

“ஆமாம். நல்லவதான்.”

“அப்பறம் அவளுக்கு என்னங்க ஆச்சு?”

திரிபுரசுந்தரி யோசித்தாள். முப்பதாம் அத்தியாயத்தில் துப்பறிபவர் அவளை நிரபராதி என்கிறார். முப்பத்தொன்றில் வக்கீலுக்குத் தூக்கு. முப்பத்திரண்டில் ஜமீன்தார் மகனுக்குக் கல்யாணம். செங்கமலத்தின் பெயர் அதற்குப் பிறகு எங்கும் வரவில்லை.

“எழுதலை” என்றாள்.

மாதம்மா தலையை ஆட்டிவிட்டு அண்டாவுக்கு முன் உட்கார்ந்தாள். திரும்பி வேலைக்கு வரமாட்டேன், யாரும் கூப்பிடவும் வேண்டாம் என்றாள். போலீஸ் டேசனில் தன் பெயர் எழுதியிருக்கிறது. அதற்கு மட்டும் ஏதாவது செய்யமுடியுமா என்றாள். பாப்பா பயந்ததை மட்டும் அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது அதுதான் பெரிய சிக்கலாக இருந்தது. சொல்லாமல் மாதம்மாவின் பேரைத் துடைக்க முடியாது. சொன்னால் மாமியின் நெஞ்சில் இன்னொரு கத்தி. கணபதிராமன் ஜன்னல் வழியே வயல்களைப் பார்த்துக்கொண்டே, “சொன்னா உனக்குப் பாரம் இறங்கும். அவாளுக்கு ஏறும். யோசிச்சுச் செய்” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் சும்மா இருந்தால் பாரம் முழுவதும் மாதம்மா தலையில் இருக்கிறதே என்று இவள் கேட்டாள்.

இரண்டு நாள் கழித்து மாமி வீட்டுக்குப் போனாள். நாராயணஸ்வாமியும் இருந்தார். நின்றுகொண்டே சொன்னாள். செங்கமலத்துக்கு மாதம்மாவின் குரலைக் கொடுத்தது புஸ்தகம் அல்ல, தான் என்றாள். பதினாலாம் அத்தியாயத்தில் ஒருமுறை மட்டும் இருந்த வரியைத் தானாகவே இரண்டு தடவை சொன்னதைச் சொன்னாள். அதைக் கேட்டு அம்புஜம் மருந்தை விட்டுவிட்டாள். மாதம்மா அதை மறைத்தது அம்புஜம் கேட்டுக்கொண்டதால். இரண்டாம் பாகத்துக்காக என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

நாராயணஸ்வாமி எழுந்து வெளியே போய்விட்டார். மாமி ஒரு கேள்விதான் கேட்டாள், அம்புஜம் எந்த நாளிலிருந்து குடிக்கவில்லை என்று. சொன்னதும் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. தொட்டிலில் குழந்தை அழுதது. திரிபுரசுந்தரி ஆட்டிக்கொண்டு நின்றாள், நாராயணஸ்வாமி திரும்பி வரும்வரை.

அந்த வாரம் அவர் டாக்டரைப் போய்ப் பார்த்தார். மருந்து குடித்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றாராம். பிழைத்திருக்கவே மாட்டாள் என்று அந்த மனுஷர் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று திரிபுரசுந்தரிக்குப் பட்டது. டாக்டர் வீட்டிலிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய், தாங்கள் சந்தேகப்பட்டது தவறு என்று நாராயணஸ்வாமி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து மாமி ஆளனுப்பினாள். திரிபுரசுந்தரி போனபோது பேனாவும் காகிதமும் தயாராக இருந்தன. மாமிக்குத் தமிழ் எழுத வராது; கன்னடத்தில் எழுதினால் கொள்ளேகாலத்தில் தம்பி படிப்பானோ மாட்டானோ என்றாள். அவள் சொல்லச் சொல்ல இவள் எழுதினாள்.

“மாதம்மாவுக்கு. குழந்தை சௌக்யம். குப்புற விழ ஆரம்பித்திருக்கிறான். உன் மேல் தப்பு ஒன்றும் இல்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டோம். உன் மூட்டையை நான் உதறினது தப்பு.” மாமி தொட்டிலை ஒருமுறை ஆட்டிவிட்டாள். அப்புறம், “அவளை நீ நன்னாப் பாத்துண்டே. அவ்வளவுதான். படி” என்றாள்.

திரிபுரசுந்தரி எழுதியதைப் படித்துக் காட்டினாள். ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், கடைச் சாமான் பட்டியலைப் படிப்பதுபோலப் படித்தாள். அப்படியும் மாமி பாதியில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள்.

“போதும். உறைக்குள்ள போடு.” பிறகு, முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்: “சுந்தரி, இனிமே இந்த ஆத்துக்கு வராதே. கோபம் இல்லைடி. உன் குரலைக் கேக்க முடியலை.”

அவள் அதற்குப் பிறகு போகவில்லை. வழியில் கண்டால் இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள். புரட்டாசியில் மற்ற வீட்டுப் பெண்கள் வேறு ஏதாவது படிக்கலாமே என்று கூப்பிட்டார்கள். கண் வலிக்கிறது என்று சொல்லித் தப்பித்தாள். மாதம்மாவிடமிருந்து பதில் வந்ததா என்று அவளுக்குத் தெரியாது. வந்திருந்தால் அதைப் படித்துக் காட்ட வேறு யாரையாவது தேடிப் பிடித்திருப்பார்கள்.

ஐப்பசியில் ஒரு மழை நாள். வெளியே போகமுடியாமல், வேறு வேலையும் இல்லாமல் முதல் பாகத்தை எடுத்தாள். எதனால் இத்தனையும் நடந்தது என்று நிதானமாகப் பார்க்கவேண்டும் என்றுதான் எடுத்தாள். பதினாலாம் அத்தியாயம் வந்தபோது, யார் கொன்றது, எதற்குக் கொட்டினாள், எல்லாம் தெரிந்திருந்தும் அவள் மூச்சு நின்றது. உதடு தானாக அசைந்தது. ஒருவரும் இல்லாத வீட்டில் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.